தவறு நடுவர்களுடையது, தண்டனை மாணவர்களுக்கா?

2014 நவம்பரில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான அமெரிக்கக் கால்பந்துக் காலிறுதிப் போட்டி நடந்தது. லோகஸ்ட் குரோவ் பள்ளியிடம் 19-20 எனப் பின்தங்கியிருந்த டக்ளஸ் பள்ளி, 64 விநாடிகள் மிச்சமிருக்கையில் டச் டவுன் அடித்து முன்னிலைக்கு வந்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பி, அடிமை முறைக்கு எதிராகப் போராடிய பிரெடரிக் டக்ளஸின் பெயர் தாங்கிய பள்ளி அது. அங்கு படிப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள்.

அந்த ஓட்டத்தின்போது டக்ளஸ் பயிற்சியாளர் ஒருவர் எல்லைக்கோட்டோரம் நடுவர் மீது மோதிவிட்டார். அது விதிமீறல்தான். ஆனால் அதற்கான தண்டத்தை அடுத்த ஆட்டத்தில்தான் விதிக்க வேண்டும். டச் டவுன் செல்லும். நடுவர்களோ டச் டவுனையே ரத்து செய்தார்கள். டக்ளஸ் தோற்றது.

மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆனால் முடிவை மாற்றவில்லை. மீண்டும் ஆடவிடுங்கள் என்று பள்ளி நிர்வாகம் நீதிமன்றம் போனது. நீதிபதி மறுத்துவிட்டார்.

நடுவர்கள் நிறவெறியோடு செய்தார்கள் என்று நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை. கேள்வி வேறு. கண் தவறுவது ஒன்று, விதி தெரியாமலிருப்பது இன்னொன்று. கால் கோட்டை மிதித்ததா என்பதில் கண் ஏமாறலாம். எந்த மீறலுக்கு என்ன தண்டம் என்பது புத்தகத்தில் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

விதியைத் தவறாகப் பயன்படுத்தினால் பயிற்சியாளர் முறையிடலாம். ஆனால் அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குள் முறையிட வேண்டும். முறையீட்டைத் தீர்மானிப்பவரும் அதே நடுவர்தான்!

ஒவ்வொரு ஆட்டமும் நீதிமன்றத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பார்கள். நியாயமான கவலைதான். அப்படியானால் சங்கத்துக்குள்ளேயே தீர்வு வேண்டும். 1983இல் தொழில்முறை பேஸ்பால் வீரர் ஜார்ஜ் பிரெட்டின் ஹோம் ரன்னை நடுவர்கள் ரத்து செய்தபோது, லீக் தலைவர் அந்தத் தீர்ப்பைத் திருத்தினார். அந்த இடத்திலிருந்தே ஆட்டம் மீண்டும் நடந்தது. கோடிகள் புரளும் ஆட்டத்தில் முடிந்தது, பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தில் ஏன் முடியாது?

விதி தெரியாத அதிகாரத்தின் விலையை, அதிகாரம் இல்லாதவர்களே கட்டுகிறார்கள். மன்னிப்பு, அதிகாரிகளின் மனதை ஆற்றலாம். அந்த மாணவர்களுக்குத் தேவைப்பட்டது 64 விநாடிகள் மட்டுமே.