ஆளை வாங்காதீர்கள், நாற்காலியை வாங்குங்கள்

மார்ச் மாதம் வந்தால் போதும், அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு வியாதி வந்துவிடும். ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் கட்டுப்படாமல் நிற்கும் ரிசீவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, "இவர் நம்ம டீமுக்கு வந்தா எப்படி இருக்கும்?" என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். இந்த ஆட்களைத்தான் ஃப்ரீ ஏஜெண்ட் என்கிறார்கள். யார் பெரிய ஒப்பந்தம் வாங்குகிறாரோ அவர்தான் அடுத்த சீசன் ஹீரோ என்பது பொதுவான நம்பிக்கை. ஃபேண்டஸி ஆடுபவர்கள் பலரும் இந்த நம்பிக்கையில்தான் ஆள் எடுக்கிறார்கள், கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஃபேண்டஸி தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஆளாளுக்கு ஒரு கற்பனை அணி வைத்துக்கொள்வார்கள். அந்த வீரர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதெல்லாம் புள்ளிகளாக மாறும். ரிசீவர் என்பவர் குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர். வழக்கமான கணக்கில் அவர் பிடித்து முன்னேறும் ஒவ்வொரு 10 கெஜத்துக்கும் 1 புள்ளி, ஒவ்வொரு டச் டவுனுக்கும் 6 புள்ளி. சில லீகுகளில் ஒவ்வொரு கேட்சுக்கும் தனியாக 1 புள்ளி உண்டு. (இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். சின்னது இல்லை.)

சரி, விஷயத்துக்கு வருவோம். இதற்கு 2007-ஆம் ஆண்டின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை விட நல்ல பாடம் கிடையாது.

2006-இல் அந்த அணி தன்னுடைய இரண்டு முக்கிய ரிசீவர்களையும் இழந்தது. டேவிட் கிவன்ஸ் டென்னசிக்குப் போனார், டியான் பிராஞ்ச் சியாட்டிலுக்கு விற்கப்பட்டார். டாம் பிரேடி மாதிரி ஒரு குவார்ட்டர்பேக் இருந்தும் அந்த சீசனில் அணியின் முதல் ரிசீவர் ரீச்சி கால்ட்வெல். 61 கேட்ச், 760 கெஜம், 4 டச் டவுன். ஃபேண்டஸியில் சரியாக 100 புள்ளி. 2007 ஜனவரியில் இண்டியானாபொலிஸிடம் 21-3 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 38-34 என்று தோற்றார்கள். ஆளே இல்லாத இடத்தில் தனக்கு வந்த பந்தைக் கால்ட்வெல் தவறவிட்டதை அந்த ஊர் ரசிகர்கள் லேசில் மறக்கமாட்டார்கள்.

ஆக, ரிசீவர் வேண்டும். அந்த மார்ச்சில் கடையில் இருந்தவர்களில் மூன்று பேரை மட்டும் பார்ப்போம்: டாண்டே ஸ்டால்வொர்த், கெவின் கர்ட்டிஸ், ட்ரூ பென்னெட். மூவரும் வேகமாக விலைபோனார்கள். பிலடெல்ஃபியாவிலிருந்து ஸ்டால்வொர்த் பேட்ரியாட்ஸுக்கு வந்தார். அவர் காலி செய்த இடத்துக்கு செயின்ட் லூயிஸ் ராம்ஸிலிருந்து கர்ட்டிஸ் போனார். கர்ட்டிஸ் காலி செய்த இடத்துக்கு டென்னசியிலிருந்து பென்னெட் போனார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மியூசிக்கல் சேர் ஆடுவார்களே, அதே கதைதான். ஒவ்வொருவரும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

2006 கணக்கை மட்டும் பார்த்தால் மூவரில் முதலிடம் ஸ்டால்வொர்த்துக்கு: 725 கெஜம், 5 டச் டவுன், சுமார் 102 புள்ளி. அடுத்து பென்னெட்: 737 கெஜம், 3 டச் டவுன், சுமார் 92 புள்ளி. கடைசியில் கர்ட்டிஸ்: 479 கெஜம், 4 டச் டவுன், சுமார் 72 புள்ளி. பழைய மார்க் ஷீட்டை நம்பியவர்கள் இந்த வரிசையில்தான் எடுத்திருப்பார்கள்.

2007-இல் அந்த வரிசை மாறிப்போனது, கடைசி ஆள் முதலிடத்துக்கு வந்தார். கர்ட்டிஸ் 77 கேட்ச், 1,110 கெஜம், 6 டச் டவுன். 147 புள்ளி! டெட்ராய்ட்டுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் மட்டும் 221 கெஜமும் 3 டச் டவுனும் எடுத்தார். ஸ்டால்வொர்த் 697 கெஜம், 3 டச் டவுன், சுமார் 88 புள்ளி. பென்னெட் 375 கெஜம், 3 டச் டவுன், சுமார் 55 புள்ளி.

கர்ட்டிஸ் ஒரே கோடையில் ஞானம் பெற்றுவிட்டாரா என்ன? இல்லை. ராம்ஸில் அவர் டோரி ஹோல்ட், ஐசக் புரூஸ் என்ற இரண்டு ஜாம்பவான்களுக்குப் பின்னால் மூன்றாவது ஆள். பிலடெல்ஃபியாவில் அவருக்குக் கிடைத்தது முன்வரிசை. பென்னெட் போய் உட்கார்ந்ததோ கர்ட்டிஸ் எழுந்த அதே மூன்றாவது நாற்காலி. காயமும் சேர்ந்துகொண்டது, ராம்ஸ் அணியும் அந்த சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி என்று படுத்துவிட்டது. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், ஹோல்ட்டும் புரூஸும் இருக்கும் வீட்டில் மூன்றாவது ஆளுக்கு எத்தனை பந்து மிஞ்சும்?

ஸ்டால்வொர்த் கதை இன்னும் சுவாரசியம். அவர் கையெழுத்துப் போட்ட மார்ச்சில் அந்த நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் முன்னால் மயாமியிலிருந்து வெஸ் வெல்கர் என்ற குள்ளமான ஆளை இரண்டு டிராஃப்ட் தேர்வுகளைக் கொடுத்து வாங்கியிருந்தார்கள். முந்தைய சீசனில் ஒரே ஒரு டச் டவுன் எடுத்தவரைப் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள்? ஆனால் ஏப்ரல் கடைசியில், டிராஃப்ட் நடந்துகொண்டிருக்கும்போதே, ஓக்லாந்திடம் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து ராண்டி மாஸை வாங்கினார்கள். அவ்வளவுதான், ஸ்டால்வொர்த்தின் நாற்காலி பின்வரிசைக்குப் போய்விட்டது.

மாஸை அப்போது பலரும் முடிந்துபோன ஆள் என்றே நினைத்தார்கள். 30 வயது. 2006-இல் ஓக்லாந்தில் 42 கேட்ச், 553 கெஜம், 3 டச் டவுன். ஆனால் அந்த ஓக்லாந்து அணி சீசன் முழுக்க 16 ஆட்டத்தில் எடுத்ததே 168 புள்ளிதான் என்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதே ஆள், அதே கால்கள், 2007-இல் பிரேடி எறிய 98 கேட்ச், 1,493 கெஜம், 23 டச் டவுன். ஜெர்ரி ரைஸ் 1987-இல் வைத்த 22 என்ற சாதனை உடைந்தது. ஃபேண்டஸியில் 287 புள்ளி. அணி 589 புள்ளி எடுத்து லீக் ஆட்டங்கள் பதினாறையும் ஜெயித்தது. (சூப்பர் பௌலில் நியூயார்க் ஜெயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது தனி சோகம்.)

வெல்கர்? 112 கேட்ச், 1,175 கெஜம், 8 டச் டவுன். வழக்கமான கணக்கில் 165 புள்ளி. கேட்சுக்கு ஒரு புள்ளி தரும் லீக் என்றால் 277! அடைப்புக்குறிக்குள் சொன்ன அந்தச் 'சின்ன' விதி ஒரு சாதாரண ஆளை ராஜாவாக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

அடுத்த வருடம் இன்னொரு பாடம் கிடைத்தது. 2008-இன் முதல் ஆட்டத்திலேயே பிரேடிக்கு முழங்கால் போய்விட்டது, மேட் கேசல் எறிய வந்தார். மாஸ் 1,008 கெஜம், 11 டச் டவுன் என்று 167 புள்ளிக்கு இறங்கினார். வெல்கர் மறுபடியும் 111 கேட்ச், 1,165 கெஜம். தூரப் பந்துக்கு ஓடும் ஆளின் மதிப்பு எறிபவரின் கையில் இருக்கிறது. பக்கத்தில் நின்று சின்னச் சின்னப் பந்தாகப் பொறுக்குபவருக்கு யார் எறிந்தாலும் பிழைப்பு ஓடும். அவருக்கும் அடி விழுந்தது, ஆனால் அது டச் டவுன் கணக்கில் மட்டும்தான் (எட்டிலிருந்து மூன்று).

"அப்படியென்றால் பெரிய பெயர்களே வேண்டாமா?" என்று கேட்கலாம். அப்படியில்லை. டெரல் ஓவன்ஸ் 2006-இல் டல்லாஸுக்குப் போய் 1,180 கெஜமும் 13 டச் டவுனும் எடுத்தார். ஆனால் அவரை எடுப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் கீஷான் ஜான்சனை அந்த அணி அனுப்பியிருந்தது. பெரிய ஆள் வருவதற்கு முன்பே நாற்காலி தயார். பெயர் ஜெயிப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லோரும் புத்திசாலிகள் என்று நினைத்தால், 2022-ஐப் பாருங்கள். கிறிஸ்டியன் கர்க்குக்கு ஜாக்சன்வில் நான்கு வருடத்துக்கு 72 மில்லியன் டாலர் கொடுத்தபோது ஊரே சிரித்தது. அந்த சீசனில் அவர் 84 கேட்ச், 1,108 கெஜம், 8 டச் டவுன். அதே மார்ச்சில் ஆலன் ராபின்சன் சாம்பியன் அணியான ராம்ஸுக்குப் போனபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் அங்கே முந்தைய சீசனில் 145 கேட்ச் பிடித்த கூப்பர் கப் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ராபின்சன் காயப்படுவதற்கு முன் ஆடிய 10 ஆட்டத்தில் தேறியது 339 கெஜம்தான். காயமில்லாமல் ஆடியிருந்தாலும், அதே வேகத்தில் போயிருந்தால் 600 கெஜத்தைத் தாண்டியிருக்க மாட்டார்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஃபேண்டஸியில் தோற்றவர் நிஜத்திலும் தோற்றவர் ஆகமாட்டார். ஸ்டால்வொர்த் ஒரு பக்கம் ஓடியதால்தான் தடுப்பவர்களால் மாஸை மட்டும் சுற்றி நிற்க முடியவில்லை. நடுவில் வெல்கருக்குக் காலி மைதானம் கிடைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. அணி கொடுத்த சம்பளம் அதற்கு. ஃபேண்டஸி கணக்கில் அதற்குப் புள்ளி கிடையாது. அணி ஏன் ஒருவரை வாங்குகிறது என்பதும், ஃபேண்டஸி ஆடுபவர் ஏன் வாங்க வேண்டும் என்பதும் இரண்டு வேறு கேள்விகள். ஒப்பந்தத் தொகையைப் பார்த்து ஆள் எடுப்பவர்கள் முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கு எழுதிவிட்டு மார்க் வரவில்லை என்று புலம்புகிறார்கள்.

ஆகவே ஒரு ஃப்ரீ ஏஜெண்ட் ரிசீவரின் பெயர் வந்ததும் கேட்க வேண்டியவை நான்கு. அங்கே யார் எழுந்து போனார்? யார் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்? எறிவது யார்? நம் லீகில் கேட்சுக்குப் புள்ளி உண்டா? இதற்கெல்லாம் பதிலை மார்ச்சிலேயே முடிவு செய்யக் கூடாது. ஏப்ரல் டிராஃப்ட் முடியும் வரை எந்த நாற்காலியும் நிச்சயமில்லை.

2007 மார்ச்சில் ஸ்டால்வொர்த்துக்கே அது தெரியாது. ஆறு வருட ஒப்பந்தம் போட்டவர், ஒரே சீசன் ஆடிவிட்டு கிளீவ்லாந்துக்குக் கிளம்பினார்.