வற்றிய பாத்திரம்

பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு மணிமேகலை வந்து பசி தீர்த்த கதை, பெரிய காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு ஊர்ப்பெருமையும்கூட. அவள் கையில் இருந்தது அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. எனவே யாருக்கு இடுவது, யாரை விடுவது என்ற கேள்வி அவளுக்கு எழவேயில்லை. கொரோனாக் காலத்தில் அக்கேள்வி எழுந்தவர்களைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

2019 வரை நம் மாவட்டத்தோடு இணைந்திருந்தது செங்கல்பட்டு. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2021 மே 4 இரவு, சில மணி நேரத்தில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தனர். ஆக்சிஜன் கிடைக்காததே காரணம் என்றனர் உறவினர்கள், அதிகாரிகள் மறுத்தனர். உண்மை எவர் பக்கம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவ்விரவில் வார்டில் நின்ற செவிலியரும் இளம் மருத்துவர்களும் எதைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியிருப்பார்கள்?

அதைச் சோர்வு என்றும் மன அழுத்தம் என்றும் சொல்லிக் கடப்பது வழக்கம். சோர்வு உறங்கினால் தீரும். செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் செய்ய இயலாமல் நின்றவரின் புண் வேறு வகையானது. வியட்நாம் போர்வீரர்களுக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவர் ஜானதன் ஷே, அவர்களுடைய அனுபவத்தை ஹோமரின் இலியத்தோடு சேர்த்து வாசித்து 1994இல் ஒரு நூல் எழுதினார். அவர் வழியே அறியப்பட்ட இப்புண்ணைத் தமிழில் 'அறக்காயம்' எனலாம். அதிகாரத்தில் இருப்பவர் அறத்துக்குத் துரோகம் இழைக்கும்போது அது உண்டாகிறது என்பது அவர் கருத்து.

நம் இலக்கியத்துக்கும் இது புதிதன்று. மணிபல்லவத்தில் தனியே விடப்பட்ட ஆபுத்திரன், பாத்திரம் இருந்தும் உண்பதற்கு ஆளில்லாமையால் அதைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாது உயிர் துறந்தான். கொடுக்கக் கடமைப்பட்டவனுக்குக் கொடுக்க முடியாமை எத்தகைய துயரம் என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார்.

நம் சமூகம் 2020 மார்ச் 22 அன்று கைதட்டியது. மே 3 அன்று மருத்துவமனைகள்மீது ஹெலிகாப்டரிலிருந்து மலர் தூவப்பட்டது. இரண்டுக்கும் இடையே, ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. 2021 ஜூலை 20 அன்றோ, ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த இறப்பு எதையும் மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று மத்திய அரசு மாநிலங்களவையில் பதிலளித்தது. கண்ணால் கண்டவரிடம், நீ கண்டது கணக்கில் இல்லை என்று சொல்வதைவிடப் பெரிய துரோகம் ஏது?

மருத்துவப் பணியாளரைத் தெய்வம் என்று புகழ்வதும் ஒருவகைத் தப்பித்தலே. தெய்வத்துக்குக் கூடுதல் ஆள் வேண்டியதில்லை, ஓய்வும் வேண்டியதில்லை. மனநல ஆலோசனை அவசியந்தான். ஆனால் காயத்தைக் காயம்பட்டவரின் பலவீனமாகக் காட்டும் ஆலோசனையால் பயனில்லை. அந்த இரவுகளில் நடந்தது என்ன, எது போதவில்லை, முடிவெடுத்தவர் எவர் என்பன பதிவாக வேண்டும். வார்டுக்கு இத்தனை செவிலியர் என்ற விதி தாளோடு நின்றுவிடக் கூடாது. வற்றும் பாத்திரத்தைக் கொடுத்துப் பரிமாற அனுப்பியவர்கள், அது வற்றியதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.