காசு எந்தப் பக்கம் போகுது பாஸ்?

தேதி இருபதைத் தாண்டினாலே ஹாஸ்டல்ல எல்லார் பர்ஸும் விரதம் ஆரம்பிச்சுடும். வீட்டுல திரும்பக் கேட்கவும் மனசு வராது. 'ரூம்ல உட்கார்ந்தே ஏதாவது சம்பாதிக்க முடியாதா?'னு அப்பத்தான் ஞானம் பிறக்கும். முடியும் மக்களே! ஆனா, எந்த வேலையா இருந்தாலும் முதல்ல ஒரு கேள்வி கேட்டுப் பழகணும்: காசு எந்தப் பக்கம் போகுது?

முதல்ல, நம்ம பக்கம் வர்ற வழிகள்.

டியூஷன்தான் எவர்கிரீன். நாலு அரியர் வெச்சிருக்கிற ஆளுக்கும் எட்டாம் வகுப்பு கணக்கு அத்துப்படி! தெருவுல அஞ்சு பசங்க, ஆளுக்கு 500 ரூபாய்னா மாசம் 2,500. ஒரே சிக்கல், அவங்க அரையாண்டுத் தேர்வும் நம்ம செமஸ்டரும் ஒட்டிக்கிட்டே வரும். முன்னாடியே பேசி வெச்சுக்குங்க.

டிசைன், மொழிபெயர்ப்பு, கோடிங் தெரிஞ்சா ஃபைவர் மாதிரி தளங்கள் இருக்கு. 100 ரூபாய் சம்பாதிச்சா அதுல 20 ரூபாயை ஃபைவர் எடுத்துக்கும். முதல் ஆர்டர் வர்றதுக்குள்ள தாடி வளர்ந்துடும். அதுவரைக்கும் பக்கத்து ஹோட்டலுக்கு மெனு கார்டு, அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகைனு செஞ்சு சாம்பிள் சேர்த்துடுங்க.

யூடியூபா? விளம்பர வருமானத்துல பங்கு வேணும்னா 1,000 சப்ஸ்கிரைபர் வேணும். கூடவே கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரம் ஜனங்க பார்த்திருக்கணும், இல்லேன்னா 90 நாள்ல ஷார்ட்ஸ் ஒரு கோடி வியூஸ் தாண்டணும். ஆக, இந்த செமஸ்டர் ஃபீஸுக்கு அதை நம்பாதீங்க!

கவனிச்சீங்களா? மூணுமே ஸ்லோ. ஆனா மூணுலயும் வேலைக்குச் சேர யாரும் நம்மகிட்ட டெபாசிட் கேட்கலை.

இப்ப எதிர்ப் பக்கம். 'வீடியோவுக்கு லைக் போட்டா 50 ரூபாய்'னு டெலிகிராம்ல ஒரு மெசேஜ் வரும். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாவே வந்துடும். அதுதான் தூண்டில் புழு. அடுத்து, '1,000 கட்டுங்க, 1,300 தர்றோம்'. அப்புறம் 5,000, 20,000. ஸ்கிரீன்ல பேலன்ஸ் ஏறிக்கிட்டே இருக்கும், எடுக்கத்தான் முடியாது. டேட்டா என்ட்ரிக்கு டெபாசிட் வாங்கிட்டு, 'தப்பு நிறைய இருக்கு, அபராதம் கட்டு'ன்னு போலி வக்கீல் நோட்டீஸ் காட்டி மிரட்டுறது இன்னொரு ரகம்.

இதையெல்லாம்விட மோசமான ஒண்ணு இருக்கு. 'உன் பேங்க் அக்கவுன்ட்டையும் ஏடிஎம் கார்டையும் மட்டும் குடு மச்சி, மாசம் 5,000 தர்றேன்.' காசு நம்ம பக்கம்தானே வருதுன்னு தோணும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, அது யார் காசு? எங்கேயோ ஒருத்தரை ஏமாத்தின பணம் அது. போலீஸ் தேடிக்கிட்டு வரும்போது கணக்குல இருக்கிறது நம்ம பேரு, நம்ம போட்டோ. கணக்கை முடக்கிட்டா, அதுல வர்ற ஸ்காலர்ஷிப்பும் மாட்டிக்கும். கேஸ்ல பேர் வந்துட்டா பாஸ்போர்ட் எடுக்கிறதே பாடு. இந்த மாதிரி கணக்கைக் கண்டுபிடிக்கவே 'மியூல்ஹன்டர்'னு ஒரு ஏ.ஐ. கருவி இருக்குன்னு ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர்ல அறிவிச்சுது. ஃப்ரெண்டு கேட்டாலும் 'நோ'தான்.

இன்னொண்ணு, பணம் வாங்குறதுக்கு யுபிஐ பின் போடவே வேண்டாம். பின் கேட்டா, காசு வெளியே போகுதுன்னு அர்த்தம்.

யாராவது ஏற்கெனவே மாட்டியிருந்தா, வெட்கப்பட்டு ரூமுக்குள்ளே முடங்காதீங்க. உடனே 1930-க்கு போன் அடிங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணம் கை மாறுறதுக்குள்ளே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. அப்பா திட்டுவார்தான்... திட்டு வாங்கினா ஒரு வாரத்துல மறந்துடும் பாஸ்!