பன்றிக்குக் கொட்டிலும் காய்ச்சிய தீனியும்

"பன்றியொடு கூடிய கன்றும் மலம் தின்னும்" என்பது நாட்டுப்புறத்தில் வழங்கும் பழமொழி. இப்பழமொழி சுமத்தும் குற்றம் பன்றியைச் சேர்ந்ததன்று. அதனைத் தெருவில் அவிழ்த்துவிட்டோரைச் சேர்ந்தது. போதிய இடமுள்ள கொட்டிலில் அடைக்கப்பட்ட பன்றி, படுப்பதற்கு ஒரு மூலையும் கழிப்பதற்கு வேறொரு மூலையும் தானாகவே ஏற்படுத்திக்கொள்ளும். அதனைச் சாக்கடைக்கு இழுப்பது பசியேயன்றிப் பிறவிக் குணமன்று.

தெருவில் திரியும் பன்றியால் ஊருக்கு விளையும் தீங்கு சிறிதன்று. மனித மலத்தோடு நாடாப்புழுவின் முட்டைகளைத் தின்ற பன்றியின் தசையில் புழுவின் நீர்க்கட்டிகள் உண்டாகின்றன. அவ்விறைச்சியைச் சரிவர வேகவைக்காமல் உண்போர் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அப்புழுவின் முட்டைகள் அசுத்தமான கைகளின் வழியாகவும் உணவின் வழியாகவும் மனிதர் வயிற்றுள் புகுந்தால், கட்டிகள் மூளையிலேயே தோன்றி வலிப்பு நோயை உண்டாக்கக்கூடும். பன்றி இறைச்சியைத் தொடாத குடும்பத்தாரும் இதற்குத் தப்பியவரல்லர். எனவே இது பன்றி வளர்ப்போர் மட்டும் கவனிக்க வேண்டிய காரியமன்று. ஊரார் அனைவருக்கும் பொதுவானது.

இலாபத்தை நோக்கினும் தெருப்பன்றி நஷ்டமே. தின்பதில் பெரும்பகுதியை அலைச்சலிலேயே செலவிட்டு, பல மாதமாகியும் எடை கூடாமல் நிற்கும். வெள்ளை யார்க்ஷயர் இனத்தையோ அதன் கலப்பினத்தையோ கொட்டிலில் வைத்து முறைப்படி தீனியிட்டால், எட்டு மாத அளவில் 90 கிலோ எடையை எதிர்பார்க்கலாம்.

தீனி, பருவத்துக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். 20 கிலோ முதல் 50 கிலோ வரையில் தசை விரைந்து வளர்வதால், தீனியில் புரதம் நூற்றுக்கு 16 பங்கு வேண்டும். மக்காச்சோளம் 50 கிலோ, அரிசித் தவிடு 30 கிலோ, சோயாப் புண்ணாக்கு 12 கிலோ, மீன்தூள் 5 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதாரண உப்பு அரைக் கிலோ என்ற கலவை இதற்கு ஒத்துவரும். 50 கிலோவுக்கு மேல் 14 பங்கு புரதம் போதுமாதலால், மீன்தூளை நீக்கி, அவ்வளவுக்குத் தவிட்டைக் கூட்டிவிடலாம், செலவும் குறையும். வளரும் பன்றிக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோவும், முற்றும் பருவத்தில் இரண்டு முதல் மூன்று கிலோவும் எடைக்குத் தக்கபடி இடுவது முறை. பூஞ்சை பிடித்த தானியமும் புண்ணாக்கும் எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் விலக்கத்தக்கவை. பன்றிக்கு வியர்த்துக் குளிரும் இயல்பு இல்லாமையால், நிழலும் நல்ல தண்ணீரும் கோடையில் உடல்மேல் நீர் தெளிப்பதும் தீனிக்குச் சமமான அவசியமுடையன. எடை 100 கிலோவைக் கடந்தபின் இடும் தீனி பெரும்பாலும் கொழுப்பாகவே மாறுகிறது. அதற்குமேல் வைத்திருப்பது வீண் செலவாகும்.

ஓட்டல் கழிவைக் கொண்டே பன்றி வளர்ப்போர் பலர். வீணாகும் உணவு இறைச்சியாக மாறுவது நன்மையே. எனினும் இதில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, அக்கழிவில் முக்கால் பங்குக்கு மேல் நீரே. இரண்டு கிலோ உலர்தீனிக்கு ஈடாக எட்டுக் கிலோ கழிவேனும் தேவைப்படும். அதிலும் சோறு மிகுந்து புரதம் குறைந்திருப்பின், புண்ணாக்கும் தாது உப்பும் சேர்க்காவிட்டால் வயிறு நிறையுமேயன்றி உடல் வளராது. இரண்டாவது, நோய். 1921-ஆம் ஆண்டில் கென்யாவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 2020-இல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தோன்றி, 2022-இல் கேரளத்து வயநாட்டையும் அடைந்தது. இந்நோய் மனிதரைத் தொடுவதில்லை. ஆனால் இதனைக் குணப்படுத்த மருந்தில்லை. கொட்டில் முழுவதும் அழிக்கப்பட நேரிடும். இதன் கிருமி இறைச்சித் துணுக்கில் நெடுநாள் உயிரோடிருந்து கழிவின் வழியே பரவ வல்லது. பிரிட்டனில் 2001-இல் பரவி இலட்சக்கணக்கான கால்நடைகளை மாய்த்த கோமாரியும், காய்ச்சாத கழிவு இட்ட ஒரு பன்றிப் பண்ணையிலிருந்தே தொடங்கியதாக விசாரணையில் கருதப்பட்டது. ஆகவே, இறைச்சிக் கழிவை அறவே ஒதுக்கி, மற்றதைக் கிளறிக்கொண்டே ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியபின் இடுதல் வேண்டும். காய்ச்சாத கழிவு வைத்த பாத்திரத்தைக் காய்ச்சியதற்கு உபயோகித்தலும் ஆகாது.

விறகுக்கும் கொட்டிலுக்கும் ஏழை வளர்ப்போர் எங்கே போவர் என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானதே. தெருப்பன்றிகளைப் பிடித்து அகற்றுவதோடு கடமை முடிந்ததெனக் கருதும் கிராம உத்தியோகஸ்தர், பிழைப்பை இழந்தவர் மறுபடியும் அதே வழியை நாடுவதைக் காண்பர். குடியிருப்புக்கும் நெல்வயலுக்கும் எட்ட ஓரிடம் ஒதுக்கித் தருவது இதைக்காட்டிலும் சிறந்தது. மூளைக்காய்ச்சற் கிருமி பன்றியின் உடலிற் பெருகி, வயல்நீரில் உற்பத்தியாகும் கொசுவால் மனிதருக்குப் பரவுவதால், இத்தூரம் முக்கியமானது. நிலமுடையோர் தம்மிடமுள்ள தவிட்டையும் உடைந்த தானியத்தையும் கொடுத்து, மக்கவைத்த பன்றி எருவைப் பெற்றுக்கொண்டால் இருதரத்தாருக்கும் ஆதாயமுண்டு.

தொழிலை இழிவென்று ஒதுக்கியதனாலேயே அது சாக்கடையில் நின்றது. ஒதுக்கியவர் வீட்டுக் குழந்தைகளையும் அதன் நோய் விட்டுவைக்கவில்லை. பன்றியைக் கொட்டிலுக்குக் கொண்டுவருவது, பன்றி வளர்ப்போனுக்குச் செய்யும் தருமமன்று. ஊர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழியாகும்.