மூடாத கதவும் பழைய மாத்திரையும்

மக்களே, "எலியோட செல்லுல கரண்ட் அளக்கறதுக்கெல்லாம் எதுக்குக் காசு? உருப்படியா ஒரு மருந்து கண்டுபிடிக்கலாமே"ன்னு கேக்கறவங்க நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துலயும் உண்டு. என் கட்சி வேற. அந்த மாதிரி ஆராய்ச்சிக்குக் காசை நிறுத்தவே கூடாது. ஏன்னு சொல்றேன்.

கணையத்துல பீட்டா செல்னு ஒண்ணு இருக்கு. இன்சுலின் சுரக்கறது இதோட வேலை. ரத்தத்துல குளுக்கோஸ் ஏறினது இதுக்கு எப்படித் தெரியும்? குளுக்கோஸை உள்ள இழுத்து எரிக்குது, ஏ.டி.பி. கூடுது. அதைப் பார்த்ததும் செல் சவ்வுல இருக்கற பொட்டாசியம் கதவு மூடிக்குது. பொட்டாசியம் வெளிய போக முடியாததால மின்னழுத்தம் மாறி, கால்சியம் கதவு திறக்குது. கால்சியம் உள்ள வந்ததும் இன்சுலின் வெளிய போகுது. அந்த இன்சுலினே பக்கத்துல இருக்கற ஆல்ஃபா செல்லையும் "நீ கொஞ்சம் அடங்கு"ன்னு சொல்லி, சர்க்கரையை ஏத்துற குளுக்ககானைக் குறைக்குது. நாலஞ்சு இஃப்-எல்ஸ், அவ்ளோதான் :-)

குளுக்கோஸ் இந்தப் பொட்டாசியம் கதவை மூடுதுன்னு எலி செல்லுல அளந்து 1984-ல சொன்னவங்க பிரான்சஸ் ஆஷ்கிராஃப்டும் கூட வேலை பார்த்தவங்களும். அன்னிக்கு அதனால எந்த நோயாளிக்கும் உடனடி லாபம் இல்லை.

இருபது வருஷம் கழிச்சு, 2004-ல மேட்டர் மாறுச்சு. பிறந்து ஆறு மாசத்துக்குள்ள சர்க்கரை நோய் வர்ற குழந்தைகள்ல பலருக்கு இந்தக் கதவோட ஜீன்லயே பிழைன்னு தெரிஞ்சது. கதவு சரியா மூடாது. செல்லுல இன்சுலின் இருக்கு, வெளிய விடச் சொல்ற சிக்னல்தான் இல்லை. அதுவரைக்கும் அந்தப் பிஞ்சுகளுக்கு ஆயுசுக்கும் ஊசின்னுதான் நினைச்சிருந்தாங்க.

ஆனா ஏ.டி.பி.யை நம்பாம அதே கதவை மூடற மருந்து ஏற்கனவே கடையில இருந்துச்சு. 1950கள்லேர்ந்து பெரியவங்க முழுங்கிட்டிருக்கற சல்ஃபோனைல்யூரியா மாத்திரை! 2006-ல வந்த ஆய்வுல 49 பேருக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. 44 பேர் ஊசியை விட்டாங்க.

மாத்திரை ஐம்பது வருஷமா கையிலயே இருந்தும், எந்தக் கதவு கெட்டிருக்குன்னு தெரியாம அந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்க யாருக்கும் தோணலை. கோட் புரியாம பிழை திருத்த முடியாதுன்னு நமக்குத் தெரியாதா என்ன?

டிஸ்கி: ஆறு மாசத்துக்குள்ள சர்க்கரை வந்த குழந்தை தெரிஞ்ச வீட்டுல இருந்தா, ஜீன் பரிசோதனை பத்தி டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லுங்க. டைப் 1-ல பீட்டா செல்லே அழிஞ்சுடும். அங்க இந்த மாத்திரை உதவாது. யாரும் தானா ஊசியை நிறுத்திடாதீங்க சாமிகளா!