மிடி கோப்பும் ஆய்வாளரின் தேர்வும்

மிடி கோப்புகளைக் கொண்டு இந்திய இசையை ஆராய முற்படும் மாணவர் முதலில் கேட்பது, ‘எந்த மென்பொருள் நல்லது?’ என்பதே. ஆய்வுக்கு இக்கேள்வி போதாது. ஒரு மென்பொருள் கோப்பிலுள்ள எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது, சேமிக்கும்போது எதை மாற்றுகிறது என்று கேட்ட பின்னரே தேர்வு தொடங்க வேண்டும்.

1983இல் வெளியான மிடி நெறிமுறை ஒலியைப் பதிவு செய்வதில்லை. எந்தச் சுரம் எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன் தொடங்கி எப்போது ஓய்ந்தது என்னும் செய்திகளையே அது தாங்குகிறது. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. தோடியின் காந்தாரம் போல ஓரிடத்தில் நில்லாது அசையும் சுரத்துக்கு அவ்வரிசையில் தனி எண் இல்லை. அவ்வசைவை ‘பிட்ச் பெண்ட்’ எனப்படும் வேறுவகைச் செய்திகள் ஏந்துகின்றன. அவற்றுக்கு 16,384 படிநிலைகள் உண்டு. ஆகவே கமகத்தின் தடயம் மிடி கோப்பில் இருக்கக்கூடும். அதனைத் திரையில் காண இயலுமா என்பது மென்பொருளைப் பொறுத்தது.

மியூஸ்ஸ்கோர் போன்ற இசைக்குறியீட்டு மென்பொருள்கள் கோப்பைத் திறக்கும்போதே கால அளவுகளை அரை, கால், அரைக்கால் என அருகிலுள்ள மதிப்புகளுக்கு ஒதுக்கிவிடுகின்றன. பிட்ச் பெண்ட் செய்திகள் பெரும்பாலும் தாளில் இடம்பெறுவதில்லை. பாடம் கற்பிக்கவும் அச்சிடவும் அவை மிகவும் பயன்படும். ஆனால் அவற்றில் திறந்து மீண்டும் மிடியாகச் சேமித்த கோப்பிலிருந்து காலப்பிரமாணத்தின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களைக் கணக்கிடுவது, அழிக்கப்பட்ட சான்றிலிருந்து முடிவு காண்பதாகும். லினக்ஸில் ரோஸ்கார்டன், விண்டோஸில் செகாய்ஜு ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் செய்திகளை வரிசைப்பட்டியலாகவும் காட்டுகின்றன. ஆய்வாளர் முதலில் பார்க்க வேண்டியது அப்பட்டியலையே.

இவ்வையம் இந்தியாவுக்குப் புதிதன்று. மீண்டு, சுருதி நுட்பங்கள் ஆகியவற்றை ஆர்மோனியம் தராது என்னும் வாதத்தின் பின்னணியில், 1940இல் அகில இந்திய வானொலி அக்கருவியைத் தடைசெய்தது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. ஆர்மோனியத்தின் குறை கேட்டவர் காதுக்கு எட்டியது. மென்பொருளின் குறையோ நேர்த்தியான குறியீட்டுத் தாளின் பின்னே மறைந்துகொள்கிறது.

இதனைச் சோதிக்க எளிய வழியுண்டு. ஒரு கோப்பைத் திறந்து, எதையும் மாற்றாமல் வேறு பெயரில் மிடியாகச் சேமிக்கலாம். பின்னர் மூலம், படி இரண்டையும் மிடிசிஎஸ்வி என்னும் இலவசக் கருவியால் உரைவடிவாக்கி ஒப்பிடலாம். பிட்ச் பெண்ட் வரிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தாலோ சுரங்களின் தொடக்க நேரம் நகர்ந்திருந்தாலோ, அம்மென்பொருளை ஆய்வுக் கோப்பில் திருத்தம் செய்யப் பயன்படுத்தலாகாது.

உதவித்தொகையில் வாழும் மாணவர் விலைமிகு மென்பொருளை வாங்கவேண்டிய கட்டாயமும் இதனால் நீங்குகிறது. அத்தகைய மென்பொருளின் தனிவடிவக் கோப்பில் மட்டும் தரவைச் சேமித்தால், உரிமம் இல்லாத அடுத்த ஆய்வாளர் அதனைத் திறக்கவும் இயலாது.

ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர் பாடவேறுபாடுகளைக் குறிப்பது மரபு. இசையாய்வேட்டிலும் மென்பொருளின் பெயர், பதிப்பெண், திறக்கும்போது தேர்ந்த அமைப்புகள் ஆகியவை இடம்பெற வேண்டும். மூலக்கோப்பு தீண்டப்படாமல் இணைக்கப்பட வேண்டும். நெறியாளர்களும் தேர்வாளர்களும் இவற்றைக் கேட்கத் தொடங்கினால், சுரங்களைப் பற்றிய முடிவு எது, மென்பொருள் உண்டாக்கிய தோற்றம் எது என்பதை வாய்மொழித் தேர்விலேயே பிரித்தறிய முடியும்.