வடிகட்டிக்கும் டர்போவுக்கும் நடுவே

லாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் பேர்போன நம் பகுதிப் பட்டறைகளில் இப்போது டர்போ கார்களும் வரிசையில் நிற்கின்றன. 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜினிலேயே டர்போ வந்துவிட்டது. டீசல் காரில் டர்போ இல்லாத புது வண்டி கிடையாது. வாங்கி ஒரு வருடம் ஆவதற்குள் வண்டிக்காரர் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிட்டு கோன் ஃபில்டர் போட்டுக் கொடுங்கண்ணே, பிக்கப் பத்தலை." சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நாமக்கல் பரமத்தி ரோடு வரை இதைக் கேட்காத மெக்கானிக் இருக்க முடியாது. கேட்டதும் மாட்டிக் கொடுப்பவர்களும் நம்மில் நிறைய. அரை நாள் வேலை, கைநிறையக் கூலி.

அந்த வேலையை இந்த ஊரில் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மாத ஆசிரியர் உரை. காற்று வழியை மேம்படுத்தவே கூடாது என்பதல்ல எங்கள் கட்சி. நம் வெயிலுக்கும் நம் தூசிக்கும் எது மேம்பாடு என்று அளந்து பார்த்து, அதன் பிறகு கை வைக்க வேண்டும் என்கிறோம்.

முதலில் கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 980 மில்லிபார். நல்ல நிலையில் உள்ள கம்பெனி ஃபில்டரும் பாக்ஸும் முழு இழுவையில் 20 மில்லிபார் தின்கின்றன என்று வைத்துக்கொள்வோம். டர்போவின் வாயில் 960 கிடைக்கிறது. கோன் ஃபில்டர் அதில் பாதியை மிச்சப்படுத்தினால் 970. என்ஜின் கம்ப்யூட்டர் கேட்பது 1960 மில்லிபார் என்றால், டர்போ செய்ய வேண்டிய அழுத்த விகிதம் 2.04-லிருந்து 2.02-க்கு இறங்குகிறது. ஒரு சதவீதம். இந்த ஒரு சதவீதமும் சக்கரத்துக்கு அப்படியே போய்ச் சேராது. கம்ப்யூட்டர் தான் கேட்ட பூஸ்ட் கிடைத்ததும் வேஸ்ட்கேட்டைத் திறந்தோ வேன்களை நகர்த்தியோ நிறுத்திவிடும். வண்டிக்காரர் காதில் விழும் உறிஞ்சல் சத்தம் மட்டும் பலமடங்கு கூடும். அந்தச் சத்தத்தைத்தான் அவர் பிக்கப் என்று நம்பி வீட்டுக்குப் போகிறார்.

வெயில் கணக்கு இதைவிட மோசம். கம்பெனி பாக்ஸ் கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. மூடியில்லாத கோன் பானெட்டுக்குள் இருக்கும் காற்றையே இழுக்கிறது. சித்திரை மாதம் வெளியே 38 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வையுங்கள். காற்றின் அடர்த்தி அங்கேயே 8 சதவீதம் போய்விடுகிறது. டர்போ அதை இரண்டு மடங்காக அழுத்தும்போது, கம்ப்ரஸர் திறன் 70 சதவீதம் என்றால், 38-ல் உள்ளே போன காற்று சுமார் 135 டிகிரியில் வெளியே வரும். 65-ல் போனது 171-ல் வரும். உள்ளே 27 டிகிரி வித்தியாசம், வெளியே 36 ஆகிவிட்டது. அதைக் குளிர்விக்கும் பாரம் இன்டர்கூலர் தலையில். இன்டர்கூலர் முகத்தில் தூசும் பூச்சியும் அப்பியிருந்தால் பெட்ரோல் என்ஜினில் நாக்கிங் வராமலிருக்கக் கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும். ஒரு சதவீத லாபத்துக்கு மாட்டியது எத்தனையோ மடங்கு நஷ்டத்தில் முடிகிறது.

ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கும் வண்டிகளில் இன்னொரு கோளாறும் உண்டு. அந்த சென்சார் தன் குழாயின் உள்விட்டத்துக்கு ஏற்ப அளவீடு செய்யப்பட்டது. கிட்டோடு வரும் குழாய் 10 சதவீதம் அகலமாக இருந்தால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். காற்றின் வேகம் குறையும். காற்று குறைவாக வருகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். பிஎஸ்-6 டீசலில் அது புகையைத் தடுக்க டீசலைக் குறைத்துவிடும். பிக்கப்புக்காக மாட்டிய சாமானே பிக்கப்பைக் கெடுத்த வண்டிகள் இப்படித்தான் நம்மிடம் திரும்பி வருகின்றன.

இதையெல்லாம்விட எங்களுக்குப் பெரிய கவலை தூசு.

நம் பகுதியின் தூசு ஒரே ஜாதி அல்ல. நாமக்கல் கோழித் தீவன ஆலைகளைச் சுற்றி மக்காச்சோள மாவும் தவிட்டுத் தூளும். சேலம் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் மேக்னசைட் வெள்ளைப் பொடி. சங்ககிரி பக்கம் சுண்ணாம்புக்கல், சிமெண்ட். ஜல்லி கிரஷர் இருக்கும் ரோடு எதிலும் கருங்கல் தூசு. தீவனத் தூசு ஃபில்டரை அடைக்குமே தவிர என்ஜினைத் தேய்ப்பது குறைவு. கருங்கல் தூசு அப்படியல்ல. நம் மண்ணுக்கடியில் கிடப்பது சார்னோகைட்டும் நைஸ் பாறையும். இரண்டிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. மோஸ் அளவில் அதன் கடினம் 7. பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் புகுந்த குவார்ட்ஸ் பொடி உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

ஏர் ஃபில்டர்களைச் சோதிக்கும் உலகத் தரமுறை ஐஎஸ்ஓ 5011. அந்தச் சோதனையில் நல்ல காகித ஃபில்டர் 99.9 சதவீதம் பிடிக்கும். காற்று தாராளமாகப் போக வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட ஒரு ஃபில்டர் 99 சதவீதம் பிடிக்கிறது என்றால், கேட்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஒரு கிலோ தூசு வந்தால் முதலாவது 1 கிராம் உள்ளே விடும். இரண்டாவது 10 கிராம். பத்து மடங்கு தேய்மானப் பொருள். 6 லிட்டர் டர்போ லாரி என்ஜின் முழு இழுவையில் நிமிடத்துக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றைக் குடிக்கிறது. அந்த அளவில் இந்தப் பத்து மடங்கு என்ன செய்யும் என்பதை லைனர் மாற்றும் பட்டறைக்காரர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

கார் வேலை செய்பவர்கள் திருச்செங்கோட்டு ரிக் பட்டறைகளில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். வட மாநிலங்கள் வரையும் ஆப்பிரிக்கா வரையும் போய் வரும் வண்டிகள் அவை. தான் துளைக்கும் பாறையின் தூசையே மூச்சாக இழுத்துக்கொண்டு ஓடும் என்ஜின்கள். அங்கே காற்று வழி என்றால் முன்னால் சுழல்முறை ப்ரீகிளீனர், அப்புறம் பெரிய வெளி ஃபில்டர், அதற்குள் சேஃப்டி ஃபில்டர், பாக்ஸின் அடியில் தூசைத் துப்பும் ரப்பர் வாய். பாக்ஸைத் திறந்து, விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி, டர்போவுக்குப் போகும் குழாயின் உட்சுவரைத் துடைத்துப் பார்ப்பார் கைதேர்ந்த மேஸ்திரி. துணியில் துளி மண் ஒட்டினாலும் ஃபில்டர் மாற்றுவதோடு விடமாட்டார். எந்த ஜாயின்ட்டில் மண் நுழைந்தது என்று தேடுவார். பல நேரம் குற்றவாளி அந்த அடி ரப்பர் வாய்தான். கிழிந்தோ கழன்றோ போயிருக்கும். ப்ரீகிளீனர் பிரித்தெடுத்த தூசு வெளியே போகாமல் திரும்ப ஃபில்டர் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கும். சின்ன ரப்பர் துண்டு. அது இல்லாமல் ஓடிய என்ஜின் லட்சக்கணக்கில் கேட்கும்.

ஏர் அடித்துச் சுத்தம் செய்யும் பழக்கத்தையும் பேசியே ஆக வேண்டும். டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸர் காற்றை அப்படியே ஃபில்டர் மேல் அடிப்பது நம் பட்டறைகளில் தினசரிக் காட்சி. காகித மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழ அது போதும். ஃபில்டர் கம்பெனி அனுமதித்திருந்தால், 2 பாருக்கு மேல் போகாமல், உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். சேஃப்டி ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். இன்னொன்றையும் வண்டிக்காரருக்குப் புரியவைப்பது நம் கடமை: கொஞ்சம் தூசு படிந்த ஃபில்டர் புது ஃபில்டரைவிட நன்றாகப் பிடிக்கும். வாரா வாரம் திறந்து தட்டுவது பராமரிப்பு ஆகாது. திறக்கும் ஒவ்வொரு முறையும் சுத்தமான பக்கத்தில் மண் விழுகிறது.

இதற்கு நேரெதிர், அடைத்துப்போன ஃபில்டரோடு ஓட்டுவது. "டர்போ ஆயில் தள்ளுது" என்று வரும் லாரிகளில் டர்போவை இறக்கிப் புது கார்ட்ரிட்ஜ் போடும் முன் ஃபில்டரைப் பாருங்கள். டர்போவின் வாயில் வெற்றிடம் கூடினால், குறிப்பாக ஐடிலிங்கில் பூஸ்ட் இல்லாதபோது, கம்ப்ரஸர் பக்க சீல் வழியாக எண்ணெய் உறிஞ்சப்படும். ரிங் போய் பிளோபை கூடியிருந்தாலும், டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் அடைத்திருந்தாலும் இதே நோய் வரும். புது டர்போ மாட்டினால் அதுவும் எண்ணெய் தள்ளும். பழி டர்போ ரீகண்டிஷன் செய்தவர் மேல் விழும்.

அப்படியானால் உண்மையான மேம்பாடு எது? கசிவில்லாத வழி. டர்போவுக்கு முந்தைய கசிவு மண்ணை உள்ளே விடும். பிந்தைய கசிவு பூஸ்டை வெளியே விடும். டீசலில் பின்னது கருப்புப் புகையாகத் தெரியும். கேட்ட பூஸ்டைக் கொடுக்க டர்போ அளவுக்கு மேல் சுற்றித் தேயும். வண்டிக்காரர் சொல்லும் "பிக்கப் பத்தலை" பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. நல்ல ஓஸுக்கும் நல்ல கிளாம்புக்கும் செலவழிக்கும் பணம் வீண் போகாது. வெப்பப் பக்கத்துக்கு சிலிகான் ஓஸ் சரி. ஆனால் வெறும் சிலிகான் எண்ணெய்ப் பிசுக்கைத் தாங்காது, ஊறி உரியும். பிரீதர் எண்ணெய் வரும் வழிக்கு உட்புறம் ஃபுளூரோசிலிகான் பூசிய ஓஸ் கேளுங்கள். பூஸ்ட் இருக்கும் இடத்தில் சாதாரண திருகுக் கிளிப்புக்குப் பதில் டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள். லேத்தில் குழாய் செய்யக் கொடுத்தால் முனையில் வளையமேடு எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள். வழவழப்பான முனையில் எந்தக் கிளாம்பும் நிற்காது. லாரி இன்டர்கூலருக்குக் கனரக என்ஜின் கம்பெனிகள் சொல்லும் சோதனை எளிது: இரண்டு வாயையும் அடைத்து 30 பிஎஸ்ஐ காற்று ஏற்றி வால்வை மூடுங்கள். 15 விநாடியில் 5 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் இன்டர்கூலர் ஓட்டை. அடைப்பை சங்கிலி போட்டுக் கட்டாமல் சோதிக்காதீர்கள். பறந்தால் ஆளை அடிக்கும்.

அளப்பதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயை இங்கிலீஷ் யூ எழுத்து போல வளைத்து ஒரு பலகையில் அடித்து, பாதி உயரத்துக்குச் சாயத் தண்ணீர் ஊற்றி, நடுவில் மில்லிமீட்டர் டேப் ஒட்டினால் மானோமீட்டர் தயார். ஒவ்வொரு கையும் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கட்டும். வண்டிப் பக்க முனைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு காலி பாட்டிலைச் சேர்த்துவிடுங்கள், தண்ணீர் தப்பித் தவறியும் என்ஜினுக்குப் போகாது. லாரியில் ஃபில்டர் அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் திருகியிருக்கும் துளையில் இதை இணைக்கலாம். பட்டறையில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்து அளப்பதில் பயனில்லை. பாரம் இல்லாமல் டர்போ முழுக் காற்றை இழுக்காது. லோடு வண்டியைச் சேலத்திலிருந்து தர்மபுரிப் பக்கமாகத் தொப்பூர் கணவாய் ஏற்றுங்கள். ஓட்டுநர் ரோட்டைப் பார்க்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்தவர் பலகையைப் பார்க்கட்டும். கனரக டர்போ டீசலுக்குப் பொதுவான உச்ச வரம்பு 25 அங்குலத் தண்ணீர், அதாவது 635 மில்லிமீட்டர். அதைத் தொட்டால் ஃபில்டர் மாற்றும் நேரம். கார்களின் வரம்பு இதைவிடக் குறைவு. கம்பெனி மேனுவலைப் பாருங்கள்.

ஃபில்டர் பாக்ஸைப் பெரிதாக்க வேண்டிய வண்டியும் இருக்கிறது, மறுக்கவில்லை. கம்ப்யூட்டரை மாற்றி எழுதி, பெரிய இன்டர்கூலர் போட்டு, காற்றோட்டத்தை 30 சதவீதம் கூட்டிய வண்டியில் குழாய் இழப்பு 69 சதவீதம் கூடும். இழப்பு ஓட்டத்தின் இருமடிப்படி ஏறும். அங்கேயும் செய்ய வேண்டியது, மூடிய பாக்ஸில் அதே 99.9 தரத்தில் அதிகக் காகிதப் பரப்புள்ள ஃபில்டரும் வெளிக்காற்றை எடுக்கும் அகலமான வழியும்தான். ஆனால் வேலைக்கு முன் வண்டிக்காரரிடம் சட்டத்தைச் சொல்லிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. வாரண்டி போவது தனிக் கணக்கு.

இந்த மாதத்திலிருந்து டர்போ வண்டி ஒவ்வொன்றின் ஜாப் கார்டிலும், ஓடிய கிலோமீட்டருக்கு அருகில், ஃபில்டருக்குப் பின் அளந்த மில்லிமீட்டரை எழுதத் தொடங்குங்கள். டர்போவைக் கழற்ற நேர்ந்தால் கம்ப்ரஸர் சக்கரத்தின் இறக்கை முனைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். முனை மழுங்கி மங்கியிருந்தால் மண் போயிருக்கிறது. வழியைச் சரிசெய்யாமல் அந்த வண்டியில் புது டர்போ ஏற்றாதீர்கள். அந்தப் பழைய சக்கரத்தைப் பட்டறை மேசையில் வையுங்கள். கோன் ஃபில்டர் கேட்டு அடுத்து வருபவர் கையில் முதலில் அதைக் கொடுங்கள்.